துணிக்கொடிக்குக் கீழே ஒரு வேன்

எனக்கு வாய் நீளம். எங்கள் சலவைக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும். சட்டைப் பையில் பேனாவை வைத்தபடியே துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர், ரசீதைத் தொலைத்துவிட்டு "என் முகம் ஞாபகம் இல்லையா?" என்று கேட்கிறவர், யாரையும் நான் சும்மா விட்டதில்லை. எங்க வீட்டுக்காரர் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மெதுவாப் பேசேன், தெருமுனை வரைக்கும் கேக்குது" என்பார். கேட்கட்டுமே! கறையோடு வந்த துணி கறையில்லாமல் போகிறது. கூடவே ரெண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கடையில் ஆள் மூன்றே பேர். நான் துணியை எண்ணி வாங்கிக் குறி போடுவேன். மெஷினும் இஸ்திரியும் அவர் பாடு. வேன் என் தம்பி பாடு. லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று விரிப்பும் உறையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவான். காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயசு, ஆனாலும் எனக்கு அவன் "டேய்"தான். மூன்று பேருக்கும் ஒரே வியாதி: கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து ஆளின் சட்டையைப் பார்த்து, "இதை வெந்நீர்ல போட்டுடாதீங்க சார், அப்படியே நின்னுடும்" என்று சாப்பிடாமல் பாடம் எடுத்தவன் என் தம்பி. கறையை ஆற விடக்கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

அந்த வேன் புதுசு. வாங்கிய கொஞ்ச நாளிலேயே டேஷ்போர்டுக்குள்ளிருந்து ரப்பர் கருகுகிற வாடை வர ஆரம்பித்தது. முன்விளக்கு தானாகக் கண்ணடித்தது. இரண்டு தடவை கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனோம். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பையன், "புது வண்டில அப்படித்தான் வாசம் வரும் மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்றான்.

"பச்சைக் குழந்தை வாசமாடா அது, போகப் போகச் சரியாகறதுக்கு?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, குறை எதுவும் இல்லை என்று அச்சடித்த தாளைக் கையில் திணித்து அனுப்பிவிட்டான்.

அப்புறம் ஒரு நாள் காலை. தம்பி லாட்ஜ் வாசலில் வேனை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மூட்டையை உள்ளே தூக்கிப் போயிருக்கிறான். திரும்பி வந்தால் முன்பக்கம் முழுக்கப் புகை. நின்றுகொண்டிருந்த வண்டி! தள்ளி நின்று கத்த வேண்டியதுதானே? இவன் பின்கதவைத் திறந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருக்கிறான். எல்லாம் முடிந்ததும் முன் சீட்டில் இன்னொரு மூட்டை இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. அதற்கும் கையை நீட்டியிருக்கிறான். யாரோ படுத்து எழுந்த விரிப்புக்காக இரண்டு கையையும் தீக்குக் கொடுத்து வேகவைத்துக்கொண்டு வந்தான், பாவி.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். "காலையில கிளம்பும்போது ஒரு பையோட நூல் பிரிஞ்சிருந்தது சார். முன் சீட்டுல வச்சு லைட்டரால நுனியைக் கருக்கினேன்." மூட்டைப் பைகள் நைலான். நூல் பிரிந்தால் நுனியை லேசாகத் தீயில் காட்டுவோம், உருகி ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் எல்லார் பையிலும் ஒரு லைட்டர் இருக்கும். சிகரெட்டை அவன் எப்போதோ விட்டுவிட்டான். லைட்டரை விட முடியுமா?

இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் வந்தார். உருகிப்போன சீட்டுக்கு அடியில் லைட்டரின் இரும்பு மூடியைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்ன சொல்ல! "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் எங்களை வழியனுப்பிவிட்டார். லாட்ஜ் காவலாளி, "முன்னாடி அவர் சிகரெட் பிடிப்பாரே" என்று தன் பங்குக்கு ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். தெருவில் துணி போட வருகிறவர்கள்கூட, "பாவம் உங்க தம்பி, ஒரு நிமிஷக் கவனக்குறைவு பாருங்க" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர்களைவிட என்னைப் பயமுறுத்தியது என் தம்பிதான். அவன் யாரையும் மறுக்கவில்லை. "இருக்கலாம்" என்றான். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோனது.

எங்களிடம் கறுப்புக் கோட்டு வெளுக்கப் போடுகிற வக்கீலம்மா ஒருவர் உண்டு. அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"வழி இல்லாம இல்ல" என்றார் அவர். "இன்சூரன்ஸ்காரங்க மேல போகலாம். வண்டி கம்பெனி மேல நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். சர்வீஸ் சென்டரையும் சேத்துக்கலாம். ஆனா எல்லா வழியும் கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். தீ எங்க பிடிச்சது, எதனால பிடிச்சது? அதை நாம காட்டணும்."

"அவங்க வண்டி எரிஞ்சதுக்கு நாம காட்டணுமா?"

"நாமதாம்மா காட்டணும்."

அவரே ஒரு என்ஜினியரை அனுப்பினார். எரிந்த வண்டிகளைப் பார்ப்பதே அவருக்குத் தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். நான் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பேர் வைத்துவிட்டேன். போலீஸிடமிருந்து மீட்டு எங்கள் கொல்லையில் கொண்டுவந்து இறக்கியிருந்த வேனை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு விரல்கூட வைக்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி உள்ளே பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

"சீட்டைவிட டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான் அதிகமா வெந்திருக்கு" என்றார். "சாவியை எடுத்தாலும் பேட்டரியிலேருந்து ஃப்யூஸ் பெட்டிக்குப் போற வயர்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். அந்த வயர் எங்கயாவது உரசித் தோல் போயிருந்தா, அந்த இடத்துல தாமிரம் உருகிக் கடுகு கடுகா உருண்டு நிக்கும். அது அங்க இருந்தா, கரண்டுலதான் ஆரம்பிச்சதுன்னு சொல்லிடலாம்."

"அப்ப என் தம்பி வைக்கலைன்னு ஆயிடும்?"

"ஆயிடும்."

என் உயிரே திரும்பி வந்தது. "பிரிங்க சார், இப்பவே பாத்துடலாம்!"

"நான் மட்டும் பிரிச்சா, நீங்களே எதையோ பண்ணிட்டீங்கன்னு கம்பெனி சொல்லும். அவங்க ஆளும் வரணும். ரெண்டு பக்கமும் நிக்கறப்பதான் பிரிக்கணும். அதுவரைக்கும் இதுல ஒரு துரும்பு நகரக்கூடாது. கரியைக்கூடத் துடைக்காதீங்க. எங்க கரி கனமா இருக்கு, எங்க வெளுத்திருக்குங்கறது, அதுவே ஒரு படம்."

ஒரு சலவைக்காரியிடம் வந்து கரியைத் துடைக்காதே என்கிறார்! நானும் தலையாட்டினேன். என் தம்பிக்காக நான் எதற்கும் தலையாட்டுவேன்.

கொல்லைதான் எங்களுக்குத் துணி உலர்த்துகிற இடம். இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் கொடி. அதற்குக் கீழே இப்போது எரிந்த வேன். தார்ப்பாய் போட்டு மூடி, துணிக்கொடிக் கயிற்றாலேயே கட்டினோம். அது காற்றடிக்கிற காலம். கயிறு எங்கேயாவது ஒரு பக்கம் தளரும், பாய் விசிறி மாதிரி அடிக்கும், உள்ளேயிருந்து கரி கிளம்பும். ஆஸ்பத்திரி விரிப்பு வெள்ளை, லாட்ஜ் விரிப்பு வெள்ளை. எடுத்து மடிக்கும்போது பார்த்தால் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. திரும்பவும் தோய்ப்பார் எங்க வீட்டுக்காரர். திரும்பவும் காயப்போடுவேன். திரும்பவும் பொட்டு. கடைக்குள்ளேயே கொடி கட்டிப் பார்த்தோம், ஈர நாற்றம் அடித்தது.

"வண்டியை எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்" என்றார் அவர் ஒரு நாள், தோய்த்ததையே தோய்த்து இடுப்பு விட்டுப்போய்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்!" என்றேன்.

கம்பெனி ஆள் வந்தால்தானே? முதல் தடவை, அவர்களுடைய நிபுணர் ஊரில் இல்லை என்றார்கள். அடுத்த தடவை அவர்கள் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்து என்னவோ ஒரு தாள் வந்து சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் விடிந்ததும் கொல்லையைக் கூட்டி, நாற்காலி போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். போன் வரும். ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதையாகப் பேசுகிறவனை நான் எப்படித் திட்ட? சுவரைப் பார்த்துத் திட்டிவிட்டு நாற்காலியை உள்ளே எடுத்து வைப்பேன்.

வீட்டுக்குள்ளே வேறு ஒரு சட்டம் போட்டிருந்தோம். ஆஸ்பத்திரி நர்ஸ், "அதையே ஞாபகப்படுத்தாதீங்க, மனசு ஆறட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்க வீட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அவன் முன்னாடி தீ, வேன், கேஸு, ஒண்ணும் பேசக்கூடாது. முக்கியமா நீ." சரி என்றேன். கேஸ் பேச்சையெல்லாம் வக்கீலம்மா வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்துவிடுவோம். பூதக்கண்ணாடி வந்த அன்று தம்பி கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். வேனைப் பற்றி அவனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீ அது பக்கம் போகாதடா."

அவனும் போகவில்லை. கொல்லைப் பக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான கையுறையைப் போட்டுக்கொண்டு தலையணை உறைகளை மடிப்பான். விரல் மடங்காது. ஓரம் கோணிக்கொள்ளும். முன்பானால், "கண்ணு எங்கடா இருக்கு, கூரையிலயா?" என்று கேட்டிருப்பேன். இப்போது அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு, "சரி விடு" என்பேன். அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் குனிந்துகொள்வான். நான் எவ்வளவு பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருவழியாகக் கம்பெனியிலிருந்து தேதி வந்தது. இந்தத் தடவை கட்டாயம் வருகிறோம் என்று வக்கீலம்மாவிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் காலையில், லாட்ஜிலிருந்து ஒரு கட்டு விரிப்பு அப்படியே திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் கறுப்புப் பொட்டு. வேறு சலவைக்காரர் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எங்க வீட்டுக்காரரிடம் கத்தினேன். "இந்தக் கரி நம்ம கடையை இழுத்து மூடிட்டுத்தான் போகும்! இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கறையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது? நம்ம பொழப்பே சிரிப்பாச் சிரிக்குது!"

அவர் கண்ணால் உள்ளறையைக் காட்டினார். நான் சட்டென்று வாயை மூடினேன். உள்ளே உறை மடிக்கிற சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

இரண்டு பேருமாக லாட்ஜுக்குக் கிளம்பினோம். மேனேஜர் எங்களை வெகுநேரம் நிற்கவைத்தார். நான் வாய் திறக்காமல் நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கூப்பிட்டார். நாளையோடு அந்த வண்டி விஷயம் முடிந்துவிடும், அப்புறம் ஒரு பொட்டு இருந்தால் ஏன் என்று கேளுங்கள் என்று எங்க வீட்டுக்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார். போனால் போகிறது என்று அவர் ஒத்துக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்கு அந்தக் கடுகு கிடைத்துவிடும். தம்பியை முன்னால் உட்காரவைத்து, "கேட்டுக்கடா, நீ இல்லை" என்று பூதக்கண்ணாடி வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். வழியெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டு வந்தேன்.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம்.

தார்ப்பாய் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. நாலு மூலையும் ஒட்டி, எங்கள் கடை மடிப்பு. வேன் பளபளவென்று நின்றது. தகரத்தின் வெள்ளை தெரிந்தது. உள்ளே டேஷ்போர்டு இருந்த இடம் காலியாக, துடைத்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. தரை ஈரம். கறுப்புத் தண்ணீரின் கடைசிக் கோடு சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் என் தம்பி, கையுறையைக் கழற்றிவிட்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறிவந்த தோல் அங்கங்கே வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அது பக்கம் போகாதேன்னியே அக்கா" என்றான். "போயிட்டேன் பாரு. இனிமே துணியில கரி விழாது."

எங்க வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள இருந்த வயரெல்லாம் எங்கடா?" என்று மட்டும் கேட்டேன்.

"கருகித் தொங்கிட்டிருந்தது. சோப்பு உள்ள போகலை. அதான் பிச்சு எடுத்துட்டேன். பழைய இரும்புக்காரர் வந்தாரு, குடுத்துட்டேன்."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பழைய இரும்புக் கடை அடுத்த தெருவில்தான். கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய்ப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். எல்லாம் வயர், எல்லாம் கருகியது. தாமிரத்தை எடுப்பதற்காக அவர்கள் வயரை மொத்தமாகப் போட்டு எரிப்பது வழக்கம். வந்ததை வந்தபடி இந்தக் குவியலில்தான் கொட்டியிருக்கிறார்கள்.

மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாக எடுத்துப் பார்த்தேன். நுனியில் உருண்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒன்றில் இல்லை, பத்தில் இருந்தது. எல்லாமே கடுகு, எல்லாமே கரி. என் புடவை, முகம், கை எல்லாம் கறுப்பாகிவிட்டது.

"எல்லாமே எரிஞ்ச கம்பிதாம்மா" என்றார் கடைக்காரர், என்னவோ அவரே தப்புப் பண்ணினவர் மாதிரி. "இதுல உங்களுது எதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

அள்ளின வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "அதை வெளிய காட்டாதீங்க. நீங்க எங்கிருந்தோ கொண்டுவந்து வச்சதுன்னு ஆயிடும்" என்றார்.

மறுநாள் கம்பெனி ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். இதுவரைக்கும் வராதவர்கள், அன்றைக்குப் பார்த்து டாண் என்று வந்தார்கள்! அவர்களுடைய நிபுணர் மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வேனைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, எங்கள் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி தன் கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"யார் கழுவினது?" என்று கேட்டார் கம்பெனி நிபுணர்.

"நான்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது.

பின்கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி வந்து நின்றான். "அக்கா பொய் சொல்லுது சார்" என்றான், அரைச் சிரிப்போடு. "நான்தான் கழுவினேன். எங்க கடையில ஒரு பொட்டுக் கறை விடமாட்டோம்."

"அப்படிங்களா? ரொம்ப நன்றி சார்" என்றார் அந்த மனுஷர். எழுதிக்கொண்டார். நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். பிரிக்க ஒன்றும் இல்லை. வந்த வேகத்தில் கிளம்பிப் போனார்கள்.

வக்கீலம்மா என்னை ஓரமாக இழுத்துப்போனார். "கேஸு நடக்கும்மா. பழைய போட்டோ இருக்கு, சர்வீஸுக்கு ரெண்டு தடவை போன விஷயம் இருக்கு. ஆனா அவங்க இனிமே ஒரே கேள்வியைத்தான் கேப்பாங்க. ஆய்வுக்கு முந்தின நாள் எதை மறைக்கக் கழுவினீங்கன்னு கேப்பாங்க. அந்த வயர் இருந்திருந்தா அதுவே பேசியிருக்கும். இப்ப லைட்டர் மட்டும்தான் பேசும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் கொல்லை சின்னது. திரும்பிப் பார்த்தேன். தம்பி கொடிக்குப் பக்கத்தில் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எல்லாரும் போன பிறகு அவன் என்னிடம் வந்தான். "அந்த வயர் என்னக்கா பேசியிருக்கும்?"

நான் கீழே பார்த்தேன். வயர் சொல்லியிருக்கும் என்றால், நீயே அழித்துவிட்டாய் என்று ஆகிறது. ஒன்றும் சொல்லியிருக்காது என்றால், லைட்டர்தான் என்று ஆகிறது. இரண்டில் எதைச் சொல்ல? எதைச் சொன்னாலும் அவன் தலையில்தான் விழும்.

"நான் வைக்கலைன்னு சொல்லியிருக்குமா?" என்றான்.

"நீ வைக்கலடா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. ஒரு நாள்கூட நான் உன்னைச் சந்தேகப்பட்டதில்லடா. இந்த வேனை இத்தனை மாசம் எதுக்குக் கட்டிக் காத்தேன்னு நினைக்கறே? அதுக்குத்தானே!"

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறுப்பு நகக்கண்ணில் இன்னும் போகாமல் இருந்தது.

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றான். கோபமே இல்லாமல் கேட்டான். "காலர்ல ஒரு கோடு விட்டாக்கூட எனக்கு அர்ச்சனை விழும். வண்டியே எரிஞ்சுபோச்சு, நீ ஒரு வார்த்தை திட்டலை. உறையைக் கோணலா மடிச்சாலும் சரி விடுன்னே. தெருவுல போறவனைக்கூடத் திட்டினே, என்னை மட்டும் திட்டலை. அதை வச்சுத்தான் அக்கா, நான்தான் தீ வச்சிருக்கேன்னு எனக்கு உறுதியாச்சு. அந்தக் கறையையாவது கழுவிடலாம்னுதான் போனேன்."

"போடா முட்டாளே" என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எங்க வீட்டுக்காரர் தொட்டிப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. எனக்கு அழுகைதான் வந்தது.

தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, காய்ந்த விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். வெயிலில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு பொட்டுக் கரி இல்லை.